ரசீது

மார்ச் 4, செவ்வாய்

மகள் மாப்பிள்ளைக்கு எதிராகக் கேட்ட தற்காலிகப் பாதுகாப்பு ஆணையில் நீதிபதி கையெழுத்துப் போட்டாச்சு. ஷெரிஃப் ஆட்கள், அதாவது இந்த ஊர்ப் போலீசார், கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். அதற்குக் காசு கிடையாதாம்.

மார்ச் 5, புதன்

நேற்று மாலை நாலரைக்கு மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து 24 மணி நேரம். துப்பாக்கி, தோட்டா எல்லாவற்றையும் போலீசிடம் ஒப்படைக்கணும். இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள கடையில் விற்கணும், அல்லது அங்கேயே வைத்துவிட்டு வரணும். 48 மணி நேரத்துக்குள் ரசீது கோர்ட்டுக்கு வந்தாகணும். டிவி-800 என்று படிவம். டிவி என்றால் குடும்ப வன்முறையாம். இங்கே கலிஃபோர்னியாவில் எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர். நாம் கொடுத்த விண்ணப்பம் டிவி-100, அவர்கள் கொடுத்த ஆணை டிவி-110.

கொண்டுபோன அதிகாரி கேட்டால் அந்த இடத்திலேயே கொடுத்துவிடணும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. கேட்டாரா? யாரிடம் விசாரிப்பது?

மார்ச் 6, வியாழன்

நாலரை ஆயிற்று. ரசீது இல்லை.

மார்ச் 7, வெள்ளி

கோயம்புத்தூரிலிருந்து சம்பந்தியம்மா. "ஏனுங்க சம்பந்தி, அவன் கிளப்புல குறி பாத்துச் சுடத்தானுங்க வாங்குனான். கப்பு கூட ஜெயிச்சிருக்கான்." ஆமாம் என்றேன். கப்பு அலமாரியில்தான் இருக்கிறது. துப்பாக்கியும் அதே அலமாரியில்தான் இருந்தது.

மார்ச் 8, சனி, விடிகாலை

தூக்கம் வரவில்லை. துப்பாக்கி இரண்டா, மூன்றா?

அரசாங்கப் பதிவில் இருப்பது இரண்டு. கோர்ட்டே அதைத் தேடிப் பார்த்துவிடுகிறது, நாம் சொல்லணும் என்றில்லை. ஆனால் லாக்டவுனில் மாப்பிள்ளை காரேஜில் உட்கார்ந்து உதிரி பாகங்களை வரவழைத்து ஒன்று செய்தார். அதற்கு நம்பரும் இல்லை, பதிவும் இல்லை. நான்தான் காபி கொண்டுபோய் வைத்தேன். பொழுதுபோக்கு என்றார். பாகங்களும் ஆணைக்குள் வருகின்றன, மகளும் விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறாள். எழுதி என்ன? பதிவில் இல்லாததை யார் தேடுவார்கள்?

ஊரில் தேர்தல் அறிவித்தால் ஏட்டு வீட்டுக்கே வந்துவிடுவார். அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒற்றைக்குழல் துப்பாக்கியைத் துடைத்து ஸ்டேஷனுக்கு எடுத்துப்போவார். ரசீது காலண்டர் ஆணியில் தொங்கும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். யாருக்கும் அது அவமானமாகப் படவில்லை, அப்பாவைத் தவிர.

மார்ச் 10, திங்கள்

ரசீது வந்துவிட்டது. தாமதம்தான். எண்ணிக்கை: இரண்டு.

மார்ச் 12, புதன்

மாப்பிள்ளையின் நண்பன் போன் செய்து "ஆன்ட்டி, மத்தது எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்கிறான். பத்திரமாம். நண்பனிடம் கொடுத்தால் ஒப்படைத்ததாக ஆகாது. போலீஸ், இல்லையென்றால் கடை, அவ்வளவுதான். ஒன்று மட்டும் நல்லதாயிற்று: மற்றது என்று ஒன்று இருப்பதை அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். தேதி, நேரம் குறித்து வைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

இலவச சட்ட உதவிப் பெண் பொறுமையாகச் சொன்னாள். ரஹீமி வழக்கு, டெக்சாஸ். இப்படி ஆணை உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிற மத்திய சட்டம் செல்லும் என்று 2024 ஜூனில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. எட்டு பேர் ஒரு பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம். அந்த ஒருவரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் மத்திய சட்டம் பிடிப்பது நோட்டீஸ் கொடுத்து விசாரித்துப் போட்ட ஆணையை. நம்முடையது தற்காலிகம். விசாரணை நடக்கும்வரை கலிஃபோர்னியா சட்டம்தான் காவல்.

மார்ச் 18, செவ்வாய்

பூட்டு மாற்றியாயிற்று. பேரன் குட்டி "அப்பா சாவி எங்க?" என்றான்.

மார்ச் 24, திங்கள்

வாய்தா. வக்கீல் வைத்துக்கொள்ள மாப்பிள்ளை அவகாசம் கேட்டான். எதிர்த்தரப்புக்கு முதல் தடவை அது உரிமையாம், மறுக்க முடியாது. தற்காலிக ஆணை அதுவரை நீடிக்கும். நீதிபதி மூன்றாவதைப் பற்றிக் கேட்டார். வக்கீல் வந்த பிறகு சொல்கிறேன் என்றான். என்னைப் பார்த்து "வணக்கம் அத்தை" என்றான். வணக்கம் என்று என் வாயும் சொல்லிவிட்டது.

மார்ச் 27, வியாழன்

குட்டிக்குச் சளி. மிளகு ரசம் வைத்தேன். ஊர் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போடத் தனியாகப் பணம் கேட்கிறார்கள். கட்டச் சொல்லிவிட்டேன். மூன்றாவதற்கு இன்னும் ரசீது வரவில்லை.