வீடியோ எடிட்டிங் கம்ப்யூட்டரோடு கனடா போகிறவர்களுக்கு

சென்னையானாலும் யாழ்ப்பாணமானாலும் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டொராண்டோவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பெட்டி கட்டுமுன், கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். இன்புட் 100-240 என்றிருந்தால் கவலையில்லை. பவர் கேபிளை மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளலாம். 200-240 என்றிருந்தால் அதை ஊரிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் இப்படித்தான் இருக்கும்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் உண்டு. கேபிளைப் பிடுங்கிய பிறகே அதைத் தள்ள வேண்டும். 230இல் விட்டு அங்கே செருகினால் மெஷின் ஆன் ஆகாது, அவ்வளவுதான். 115இல் இருப்பதை மறந்து ஊரில் வந்து செருகினால் உள்ளே வெடித்துவிடும்.

லேப்டாப், கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இரண்டு கரண்டுக்கும் தாங்கும். யூ.பி.எஸ்., ஸ்டெபிலைசர், ஸ்பைக் பஸ்டர் மூன்றையும் விற்றுவிட்டுப் போங்கள். ஸ்பீக்கர் 230க்கு மட்டும் என்றால் அதையும்தான். அதற்காக ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சுமப்பது வீண். தவிர, அது வோல்டேஜை ஏற்றுமே ஒழிய ஹெர்ட்ஸை மாற்றாது. எர்த் இல்லாத இரண்டு பின் மாற்றியில் கம்ப்யூட்டரைச் செருகாதீர்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும், ஸ்பீக்கரில் இரைச்சலும் வரும்.

பலர் கவனிக்காதது ஆம்பியர். 600 வாட் இழுக்கும் மெஷினுக்கு ஊரில் 2.6 ஆம்பியர் போதும். அங்கே 5 வேண்டும். அறை பிளக்குகளுக்கு வழக்கமாக 15 ஆம்பியர் பிரேக்கர்தான். பேஸ்மென்ட் குளிருக்கு 1500 வாட் ஹீட்டர் போட்டால் அதுவே 12.5 எடுத்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் (முடித்த வீடியோவை ஃபைலாக எடுப்பது) பாதியில் இருக்கும்போது பிரேக்கர் விழுந்து அறையே இருண்டால் காரணம் இதுதான். ஹீட்டரை வேறு பிரேக்கரில் வரும் பிளக்குக்கு மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்கிப் பயனில்லை, அதுவும் அதே லைன்தானே.

60 ஹெர்ட்ஸ் கம்ப்யூட்டரை ஒன்றும் செய்யாது, கேமராவைத்தான் படுத்தும். அங்கே பல விளக்குகள் விநாடிக்கு 120 முறை துடிக்கும். ஊர்ப் பழக்கத்தில் ஷட்டரை 1/50இல் வைத்தால் மண்டபத்துச் சுவரில் கறுப்புப் பட்டைகள் ஓடும். 1/60 அல்லது 1/120 வையுங்கள். விநாடிக்கு 25 பிரேமில் எடுத்தாலும் 1/60 சரியாகவே வரும். கேமராவை PAL (50 ஹெர்ட்ஸ் ஊர்களின் வீடியோ முறை) என்பதிலிருந்து NTSC (60 ஹெர்ட்ஸ் ஊர்களுடையது) என்பதற்கு மாற்றும்போது சில மாடல்கள் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும். முதலில் காப்பி எடுத்துவிடுங்கள்.

நிச்சயதார்த்தம் ஊரில் 25 பிரேமில், கல்யாணம் டொராண்டோவில் 29.97இல் என்றால், எந்தக் காட்சிகள் அதிகமோ அவற்றின் பிரேமுக்கே டைம்லைனை (எடிட்டிங்கில் காட்சிகளை அடுக்கும் வரிசை) அமையுங்கள். 25ஐ 29.97இல் போட்டால் ஐந்து பிரேமுக்கு ஒன்று இரட்டிக்கும். பேன் ஷாட்டுகள் (கேமராவைத் திருப்பியபடி எடுத்தவை) வெட்டி வெட்டி நகரும். 29.97ஐ 25இல் போடும்போது ஒலி தேவைப்படாத ஷாட்டுகளின் வேகத்தை 83.4 சதவீதமாகக் குறைத்தால் ஒரு பிரேம்கூட விழாது. மாலை மாற்றும் காட்சிக்கு அந்த மெதுவோட்டம் நன்றாகவே இருக்கும். தாலி கட்டும்போது கெட்டிமேளம் ஒலிக்க வேண்டும், அங்கே மட்டும் வேகத்தில் கை வைக்காதீர்கள்.