எல்லாம் நலம்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரிக்கு மேல் சீட்டுக்கட்டு அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் பச்சை விளக்கு ஒன்று விட்டு விட்டு மினுங்கும். ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கம்ப்யூட்டர். 2016இல் வாங்கியது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார். ஒரு வருஷம் காற்றுப்போக விட்டிருந்த ஓட்டையிலேயே குங்குமத்தை வைத்துவிட்டார். உள்ளே போயிருக்குமோ என்று நான் பதறியதற்கு, "உள்ள போனா நல்லதுதானப்பா" என்றார்.

அதற்கு வீட்டில் மூன்று வேலை. எல்லோர் ஃபோனிலும் உள்ள படங்களை ராத்திரியில் எடுத்துப் பத்திரப்படுத்தும். இணைய விளம்பரங்களை வடிகட்டும். மூன்றாவது, மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போட்டு, நிறைந்தால் அணைக்கும். அந்தத் தொட்டியில்தான் கீழ்வீட்டு அக்கா குடும்பத்துக்கும் தண்ணீர். மோட்டார் எங்கள் மீட்டரில் ஓடுகிறது.

மூன்றாவது வேலையைக் கொடுத்த அன்றே சுவரில் இருந்த மோட்டார் சுவிட்சைக் கழற்றி, ஓட்டையை வெள்ளைத் தகடு போட்டு மூடிவிட்டேன்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமேங்க" என்றாள் மனைவி.

"சுவிட்ச் இருந்தா யாராவது அமுக்கிருவாங்க. அப்புறம் ஆட்டோமேஷன்னு எதுக்கு?"

இந்த வசனத்தை அவள் மறக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

ராமேஸ்வரம் போக முடிவானது. மூன்று நாள், மதுரையிலிருந்து ரயிலில். அம்மாவுக்கு 22 தீர்த்தம், பையனுக்குக் கடல், எனக்குப் புதிய பாம்பன் பாலம். மனைவிக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "நிம்மதி" என்றாள். விளக்கம் தொடர்ந்தது: "அந்த ஃபோன் ஒரு தடவை 'டிங்'குன்னுச்சுன்னா பாலத்துல போகும்போது தூக்கிக் கடல்ல போட்டுருவேன்."

டிங் சத்தத்துக்குக் காரணம் தொட்டி சென்சார். தொட்டி மூடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்ணீரை நோக்கி அனுப்பி, எதிரொலி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துத் தூரத்தைச் சொல்லும். கிணற்றுக்குள் 'ஓ' என்று கத்தி ஆழம் பார்ப்பதுபோல. நல்ல பிள்ளைதான். ஆனால் நாளுக்கு நாலு தடவை பேய் பிடித்த மாதிரி தப்பான எண்ணைச் சொல்லும். உடனே என் டெலிகிராம் பாட் (தானாகச் செய்தி அனுப்ப நான் எழுதிவைத்த புரோகிராம்) 'தொட்டி காலி' என்று நடுராத்திரியில் எழுப்பும்.

கிளம்பும் முந்தைய நாள் இரவு. சமையலறையில் புளியோதரையும் பொடி தடவிய இட்லியும் பொட்டலமாகிக்கொண்டிருந்தன. என் பங்குக்கு நான் கட்டிய பையில் பவர் பேங்க் இரண்டு, லேப்டாப், எக்ஸ்டென்ஷன் பெட்டி, சின்ன ரவுட்டர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு லேன் கேபிள். "காசியையும் சேத்துப் பாத்துட்டு வர்றவங்ககூட இம்புட்டு மூட்டை கட்ட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு மனைவி படுக்கப் போனாள். மணி 11.40. நான் புரோகிராமைத் திறந்தேன்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இங்கேயே தலையில் கை வைத்திருப்பார்கள். ஊருக்குக் கிளம்பும்போது ஓடுகிற புரோகிராமில் கைவைக்கக் கூடாது. எனக்கும் தெரியும். அலுவலகத்தில் இதைப் பத்துப் பேருக்குப் புத்திமதியாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் திருத்தம் ரொம்பச் சின்னது. நிமிஷத்துக்கு ஓர் அளவு வருகிறது. ஒற்றை அளவை நம்பாமல், கடைசிப் பத்து அளவுகளின் சராசரியை எடுத்துக்கொண்டால் பேய் எண்கள் அமுங்கிவிடும். டிங் கிடையாது. குடும்பத்தில் அமைதி. நான்கே வரி. எழுதியாயிற்று. சோதித்துப் பார்க்கத் தொட்டி குறைய வேண்டும். அது அப்போது நிறைந்திருந்தது. பெருமையோடு தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை பாசஞ்சரில் ஜன்னல் சீட். மண்டபம் தாண்டியதும் வண்டி கடலுக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது. 1914இல் திறந்த பழைய பாலம் ஒரு பக்கம் துருவேறி நிற்க, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தது. மொத்தப் பெட்டியும் கதவுப் பக்கம் கூடி ஃபோனைத் தூக்கியது. நான் பையனுக்கு வகுப்பெடுத்தேன். பழைய பாலத்தில் கப்பல் வந்தால் ஆட்கள் கையால் சுற்றித்தான் பாலத்தைத் திறப்பார்கள். நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து, கும்பிடுகிற கையை விரித்த மாதிரி மேலே போகும். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி செங்குத்தாக 17 மீட்டர் உயரும். இரண்டு பக்கமும் எடைக்கல், மோட்டார், எவ்வளவு உயர்ந்தது என்று பார்க்க சென்சார்.

"சரியான உயரம் வந்ததும் தானா நின்னுருமாப்பா?"

"தானா நின்னுரும். நம்ம வீட்டு மோட்டார் மாதிரிதான்."

மனைவி பொட்டலத்தைப் பிரித்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போது அதற்கு அர்த்தம் விளங்கவில்லை.

அன்று முழுக்கக் கோயில். 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாக மொண்டு தலையில் ஊற்றினார்கள். என் ஃபோனை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மனைவி தன் பொறுப்பில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் ஈரத்தோடு வந்து பார்த்தால் ஒரே ஒரு செய்தி: 'தொட்டி: 81%. எல்லாம் நலம்.' டெலிகிராம் பாட் அனுப்பும் எல்லாச் செய்திக்கும் கடைசியில் 'எல்லாம் நலம்' சேர்த்தது என் யோசனை. வெறும் எண்ணாக வந்தால் வறட்சியாக இருக்கிறதே என்றுதான்.

இரண்டாம் நாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரைப் பார்த்துவிட்டு, அரிச்சல்முனை வரை வண்டியில் போனோம். இந்தப் பக்கம் அமைதியாகப் பெண் கடல், அந்தப் பக்கம் இரைச்சலோடு ஆண் கடல். அசோகத் தூணைச் சுற்றி ஒரே கூட்டம். பையன் மாங்காய்த் துண்டுக்கும் சுண்டலுக்கும் நடுவே முடிவெடுக்க முடியாமல் நின்றான். அம்மா கடலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் டிங்.

மனைவி திரும்பினாள். "நான் இல்ல, இலங்கை" என்று ஃபோனைக் காட்டினேன். தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். அக்கரைக் கோபுரத்தின் சிக்னலைப் பிடித்துக்கொண்டு 'இலங்கைக்கு நல்வரவு' என்று செய்தி வந்திருந்தது. பாஸ்போர்ட் இல்லாமல் வெளிநாடு போன சந்தோஷத்தில் எல்லோருக்கும் காட்டினேன். நல்லவேளை, கடிகாரம் மாறவில்லை. 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை முன்னால் தள்ளி, 2006 ஏப்ரலில்தான் நம் நேரத்துக்கே திரும்பியது. நடுவில் வந்திருந்தால் ஃபோன் அரை மணி முன்னால் ஓடியிருக்கும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பையன் சுண்டலைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விட்டான். இதில் நான் கவனிக்காத ஒன்று: சிக்னல் போன கையோடு என் இணையமும் போயிருந்தது.

ஐந்து நிமிஷத்தில் அம்மாவின் பட்டன் ஃபோன் அலறியது. அம்மாவின் சிம் வேறு கம்பெனி, அது இந்தியாவிலேயே இருந்தது. கீழ்வீட்டு அக்கா. அம்மா ஃபோனைக் காதில் வைக்காமல் முகத்துக்கு நேரே பிடித்துப் பேசுவதால் சுற்றியிருந்தவர்களுக்கும் கேட்டது.

"பெரியம்மா, மோட்டார் காலையிலருந்து நிக்காம ஓடிக்கிட்டு இருக்கு. தண்ணி மாடியிலருந்து அருவி மாதிரி கொட்டுது. சுவிட்ச் எங்கிட்டு இருக்கு?"

அம்மா என்னைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள். சுண்டல்காரரும் பார்த்தார்.

"அக்கா, சுவிட்ச் இல்லக்கா" என்றேன்.

"சுவிட்ச் இல்லாம என்னா மோட்டாரு?"

மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பக்கத்தில் மெயின் இருக்கிறது என்று சொல்லி, உலகத்துக் கம்ப்யூட்டர்காரர்கள் எல்லோரும் சொல்லும் வைத்தியத்தையே சொன்னேன்: "அதை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க. சரியாயிரும்."

செய்தார். நின்றது. நான் நிமிர்ந்தேன். இரண்டு நிமிஷத்தில் மறுபடி ஃபோன். "தம்பி, திருப்பி ஓடுது. நான் மொத்தமா அணைச்சுட்டேன். நீங்க நல்லாச் சாமி கும்பிட்டு வாங்க." வைத்துவிட்டார்.

என்ன தப்பு நடந்தது? மணலில் உட்கார்ந்து, விரலாலேயே கணக்குப் போட்டேன். மோட்டார் ஓடினால் தண்ணீர் நிமிஷத்துக்கு 5 செ.மீ. ஏறும். சென்சாருக்கும் தண்ணீருக்கும் இடைவெளி 25 செ.மீ. ஆனதும் நிறுத்த வேண்டும். ஆனால் பார்ப்பது பத்து நிமிஷச் சராசரியை. 70, 65, 60 என்று மணலில் எழுதிக்கொண்டே வந்து, கூட்டிப் பத்தால் வகுத்தால், தண்ணீர் நிஜமாக 25இல் நிற்கும்போது சராசரி 47.5. அதாவது புரோகிராம் இன்னும் பாதித் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. சரி, கொஞ்சம் தாமதமாகவாவது நிறுத்தியிருக்க வேண்டுமே? அங்கேதான் இன்னொன்று. இந்த சென்சாருக்கு வாயும் காதும் ஒன்றே. கத்திய அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி வந்துவிட்டால் அதற்குக் கேட்காது. 20 செ.மீ.தான் அதன் குருட்டு எல்லை; அதற்குள் தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். 25க்கும் 20க்கும் நடுவே ஒரே ஒரு நிமிஷம். அதைத் தாண்டியதும் உளறல், உளறலின் சராசரி, அதை நம்பி மோட்டார். அக்கா ஆன் பண்ணியதும் தளும்பி நிற்கும் தொட்டியைப் பார்த்து 'காலி' என்று முடிவெடுத்துத் திரும்ப ஓடியதும் இதனால்தான்.

"புரிஞ்சிருச்சு!" என்று எழுந்தேன். ஒரு அலை வந்து 47.5ஐ அழித்துவிட்டுப் போனது.

"எனக்கு இப்ப ஒரே பயம்" என்றேன் மனைவியிடம். "ஷட்டவுன் பண்ணாம கரண்ட்டைப் பிடுங்குனா பெட்டிக்குள்ள எல்லாத்தையும் சேத்து வச்சிருக்குற எஸ்.டி. கார்டு கெட்டுரும்."

"எனக்கும் ஒரே பயம். மெயினை அணைச்சா ஃப்ரிட்ஜும் அணைஞ்சிரும். உள்ள ஒரு தூக்கு மாவு இருக்கு."

ராமேஸ்வரம் வந்து இந்திய சிக்னல் கிடைத்ததும் டிங் டிங் டிங் என்று பதினான்கு செய்திகள் கொட்டின. 'தொட்டி: 38%. மோட்டார் ஓடுகிறது. எல்லாம் நலம்.' 'தொட்டி: 41%. மோட்டார் ஓடுகிறது. எல்லாம் நலம்.' 'தொட்டி: 29%. மோட்டார் ஓடுகிறது. எல்லாம் நலம்.' பையன் ஒவ்வொன்றையும் செய்தி வாசிப்பவர் குரலில் வாசித்தான். அம்மா மட்டும், "பாவம், அதுக்கு என்னா தெரியும்" என்று பெட்டிக்குப் பரிந்து பேசினார்.

அதற்குப் பிறகு டிங் நின்றது. மனைவி கேட்ட நிம்மதி கிடைத்தது என்றே சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் காலை பேக்கரும்பில் கலாம் நினைவிடத்தில் ஏவுகணை மாதிரிகளுக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் ஒரு செய்தி வந்தது: 'தொட்டி: 22%. மோட்டார் ஓடுகிறது. எல்லாம் நலம்.' கால் மணி கழித்து சத்தமே இல்லை. கீழே தண்ணீர் தீர்ந்து, அக்கா மெயினைப் போட்டு, வழிகிற சத்தம் கேட்டதும் அணைத்திருக்கிறார். எட்டு வருஷம் நான் செதுக்கிய ஆட்டோமேஷனின் வேலையை அக்கா ஒரே நாளில், ஒரு வரி எழுதாமல், காதை வைத்தே செய்துகொண்டிருந்தார். அவருக்குக் குருட்டு எல்லை எதுவும் கிடையாது.

இரவு வீடு திரும்பினோம். வாசல் பளிச்சென்று இருந்தது. "தண்ணி வீணாகல தம்பி, தெரு வரைக்கும் கழுவி விட்டுட்டேன்" என்றார் அக்கா. மெயினைப் போட்டேன். பச்சை விளக்கு மினுங்கியது, கார்டு பிழைத்துவிட்டது. ஃப்ரிட்ஜைத் திறந்தோம். மாவு பிழைக்கவில்லை. தூக்கு மூடியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தட்டு வரை இறங்கி, அங்கே இருந்த கொத்தமல்லிக் கட்டையும் தழுவியிருந்தது. சராசரி எடுக்காமலேயே அதன் அளவு தெரிந்தது. துடைத்து முடிக்க மணி 11.40 ஆனது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். வெள்ளைத் தகட்டைக் கழற்றிப் பழைய சுவிட்சையே மாட்டினார். "இதை எதுக்கு சார் கழட்டுனீங்க?" என்று கேட்டார். மனைவி சமையலறையிலிருந்து, "சொல்லுங்க, எதுக்குக் கழட்டுனீங்க?" என்றாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. சென்சாரை ஒரு குழாய்த் துண்டு வைத்து உயர்த்திவிட்டேன். பத்து நிமிஷச் சராசரி போய், ஒரே நொடியில் ஐந்து அளவு எடுத்து நடு எண்ணை மட்டும் நம்புகிறது. என்ன ஆனாலும் 25 நிமிஷத்துக்கு மேல் மோட்டார் ஓடாது. இந்தத் தடவை தொட்டியைக் காலி செய்து, பக்கத்திலேயே நின்று மூன்று முறை சோதித்தேன். 'எல்லாம் நலம்' வரியை எடுத்துவிட நினைத்தேன்; பள்ளியில் பைத்தான் என்ற புரோகிராம் மொழி படிக்கும் பையன் அதைத் தானே திருத்துவதாகச் சொன்னான்.

நேற்று அலுவலகத்தில் கூட்டத்தின் நடுவே டிங். எடுத்துப் பார்த்தேன்.

'தொட்டி: 96%. மோட்டார் நின்றது. எதற்கும் கீழ்வீட்டு அக்காவை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.'