உயிர்த் தகவலியல் பட்டறையைத் திட்டமிடும்போது கற்றுக்கொண்டவை

எங்கள் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களுக்காக முதன்முதலில் இரண்டு நாள் உயிர்த் தகவலியல் (மரபணுத் தரவைக் கணினியால் ஆராயும் துறை) பட்டறையைத் திட்டமிட்டபோது, தரவின் தரத்தைப் பார்க்கும் ஃபாஸ்ட்கியூசி, வேண்டாத பகுதிகளை வெட்டும் ட்ரிம்மோமேட்டிக், வரிசைத் துண்டுகளை மரபணுத்தொகுதியில் பொருத்தும் ஹைசாட்2, மாதிரிகளுக்கிடையே மரபணுச் செயல்பாட்டின் வேறுபாட்டைக் கணக்கிடும் டிஇசெக்2 என்று மென்பொருள்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, அதையே நிகழ்ச்சி நிரல் என்று நம்பினேன். முதல் நாள் மதிய உணவு வரை நடந்தது மென்பொருள் நிறுவல் மட்டுமே. விண்டோஸ் மடிக்கணினியில் லினக்ஸை நிறுவிய ஒரு மாணவி, கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாததால் விசைப்பலகை பழுதாகிவிட்டதென்று எண்ணி, இருமுறை கணினியை அணைத்துப் போட்டிருந்தார். லினக்ஸில் அது அப்படித்தான் என்று நாங்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை. பழகியவர்களுக்கு அது உறைப்பதே இல்லை. இப்போது முந்தைய நாள் மாலையை நிறுவலுக்கென்றே ஒதுக்கிவிடுகிறோம்.

பதிவுப் படிவத்தில் 'லினக்ஸ் தெரியுமா' என்று கேட்பதால் பயனில்லை. எல்லோரும் 'ஓரளவு' என்றே எழுதுகிறார்கள். உங்கள் கையில் இப்போது என்ன தரவு இருக்கிறது, எந்த உயிரினம், எத்தனை மாதிரிகள், மடிக்கணினியின் நினைவகம் எவ்வளவு என்று கேளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்ட ஆண்டில்தான், பலரிடம் மூலத் தரவே இல்லை, மாதிரிகளின் மரபணு எழுத்து வரிசையைப் படித்து (வரிசைப்படுத்தி) தந்த நிறுவனம் அனுப்பிய எக்செல் அட்டவணை மட்டுமே இருக்கிறது என்பது தெரிந்தது. ஆகவே எக்செலுக்கே ஒரு மணி நேரம் கொடுத்தோம். செப்ட்2 என்ற மரபணுவின் பெயரை எக்செல் செப்டம்பர் 2 என்ற தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லையால்தான் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அதைச் செப்டின்2 என்று மாற்றியது. பழைய கோப்புகளில் பழைய பெயர்தான் இருக்கிறது என்பதால், தங்கள் அட்டவணையைத் திறந்து தேடிப் பார்த்தவர்களின் முகம் மாறியதை அன்று கண்டேன்.

பயிற்சித் தரவைத் தேர்வதில் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. வரிசைத் துண்டுகளை மனித மரபணுத்தொகுதியில் ஸ்டார் மென்பொருளால் பொருத்துவதற்கு ஏறத்தாழ 30 ஜிபி நினைவகம் வேண்டும். 8 ஜிபி மடிக்கணினி அதைத் தாங்காது. சுமார் 46 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏ எழுத்து இணைகள்) மட்டுமே கொண்ட ஈ.கோலை கே-12 பாக்டீரியா போதுமானது. புள்ளியியல் பகுதிக்கு பயோகண்டக்டர் என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் கிடைக்கும் 'ஏர்வே' தரவைப் பரிந்துரைப்பேன்: நான்கு செல் வரிசைகள் (ஒவ்வொன்றும் ஒருவரிடமிருந்து எடுத்து வளர்த்த செல்கள்), ஒவ்வொன்றிலும் டெக்சாமெத்தசோன் மருந்து கொடுத்தது ஒன்று, கொடுக்காதது ஒன்று, ஆக எட்டு மாதிரிகள். செல் வரிசையையும் புள்ளியியல் சமன்பாட்டில் ஏன் சேர்க்க வேண்டும் என்பதை அதை வைத்து விளக்கினால், கட்டளையை மனப்பாடம் செய்ய வந்தவரும் கேள்வி கேட்கத் தொடங்குவார். கட்டளை வரியே வேண்டாம் என்பவர்களுக்கு இணைய உலாவியிலேயே இயங்கும் கேலக்ஸி தளம் உண்டு. ஆனால் வகுப்பே ஒரே நேரத்தில் வேலையை அனுப்பினால் வரிசையில் காத்துக் கிடக்க நேரும், எனவே அதன் ஐரோப்பியச் சேவையகம் பயிற்சி வகுப்புகளுக்கென வழங்கும் தனி ஒதுக்கீட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

எட்டுப் பேருக்கு ஓர் உதவியாளராவது வேண்டும். சிக்கிக்கொண்டவர் மடிக்கணினி மூடியில் சிவப்பு ஒட்டுத்தாளும், முடித்தவர் பச்சையும் ஒட்டும் வழக்கம், கணினித் திறன் பயிற்சி தரும் கார்ப்பென்ட்ரீஸ் அமைப்பினுடையது, கை தூக்கக் கூச்சப்படுபவர்களுக்காகவே செய்தது போல இருக்கிறது.

பட்டறை முடிந்த பின் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் இரண்டு மணி நேரம் சந்தேகம் தீர்க்க உட்கார்ந்தோம். அங்கே வந்தவர்களில் ஒருவர், கட்டுப்பாட்டுக்கு ஒரு மாதிரி, சிகிச்சைக்கு ஒரு மாதிரி என்று இரண்டே இரண்டு மாதிரிகளுக்குப் பணம் செலுத்தி வரிசைப்படுத்திவிட்டு, டிஇசெக்2 ஏன் பிழை காட்டுகிறது என்று கேட்டார். மறுபடிகள் (ஒரே நிலையில் எடுத்த கூடுதல் மாதிரிகள்) இல்லாமல் சிதறலை (மாதிரிக்கு மாதிரி இயல்பாகவே மாறும் அளவை) மதிப்பிட முடியாது என்று சொல்வதைத் தவிர அப்போது செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு, மாதிரிகளை இன்னும் அனுப்பாதவர்களுக்கே முதல் இடம் கொடுக்கிறோம். முதல் நாள் காலையில் கணினியைத் திறப்பதில்லை, ஆய்வு வடிவமைப்பைத் தாளில்தான் வரைகிறோம்.