ஃபேன் போட்டால் ஓடிப்போகும் ரேடியோ

எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது மாசி மாதம். நான் ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு டஜன் குழாய் வாஷர் வாங்கி வந்ததும் அதே மாசி மாதம்தான். இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பதை என் மனைவிக்கு விளங்கவைக்க நான் பட்ட பாடு வைகாசி வரை நீடித்தது.

கடைக்காரர் முதலில் நல்லபடியாகத்தான் கேட்டார்.

“அரை இஞ்சா, முக்கால் இஞ்சா சார்?”

“எதுவானாலும் சரிங்க. ரப்பர் மட்டும் வேண்டாம். வெள்ளை நைலான்ல, நடு ஓட்டை கொஞ்சம் பெரிசா இருக்கிற மாதிரி பாத்துக் குடுங்க.”

“எந்தக் குழாய்க்கு சார்?”

“குழாய்க்கு இல்லைங்க. ரேடியோவுக்கு.”

டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்த கை நின்றது. “ஏன் சார், ரேடியோ ஒழுகுதா?”

பக்கத்தில் சிமெண்டுக்குக் காத்திருந்த மேஸ்திரி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

விஷயம் இதுதான். நான் ஒரு ஹாம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் மற்றவர்களோடு பேசுகிற ஆள். அதற்கான உரிமத்துக்கு ஏ.எஸ்.ஓ.சி. தேர்வு எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்து, வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக்குறியும் வாங்கிவிட்டேன். ஆனால் பேசுவதற்கு செட் இல்லை. ஜப்பான் செட் வாங்கலாம். அதற்கு என் இரண்டு மாதச் சம்பளம் வேண்டும். நல்லவேளையாக, ஹைதராபாத்தில் அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற ஹாம் எங்களைப் போன்றவர்களை நினைத்தே பிட்எக்ஸ் என்று ஒரு செட்டை வடிவமைத்து, படத்தை எல்லோருக்கும் சும்மா கொடுத்துவிட்டார். உள்ளூர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களை வைத்தே 6 வாட் சக்தியில் பேசலாம். ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில் போகவும் வரவும் செய்கிற மாதிரி, ஒரே சர்க்யூட் கேட்கும்போது ஒரு திசையிலும் பேசும்போது மறு திசையிலும் வேலை செய்யும். அதைப் பார்த்து உலகம் முழுக்க ஆட்கள் கட்டினார்கள். மூலப் படம் 20 மீட்டர் அலைவரிசைக்கானது. நம் ஊர்ப் பேச்செல்லாம் 40 மீட்டரில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸில் நடப்பதால் அதற்குத் தகுந்த மாதிரி நான் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்.

இதில் காயில் என்கிற கம்பிச்சுருள் சுற்ற டொராய்டு வேண்டும். மெதுவடை வடிவத்தில் ஒரு சின்ன வளையம். நல்ல டொராய்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வடையைவிடத் தபால் செலவு அதிகம். வடிவம் வடையாக இருந்தால் போதும், என்ன மாவு என்று யார் பார்க்கப் போகிறார்கள் என்று வந்த யோசனைதான் குழாய் வாஷர். இந்த “என்ன மாவு” விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனாமல் ஒயர் மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும். எனக்குத் தேவை ஒரு இரண்டு மீட்டர். அவர் எடைக்குத்தான் தருவேன் என்றார். 100 கிராம் 36 கேஜ் ஒயர் வாங்கினேன். முடியை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். என் பேரன் காலம் வரைக்கும் காயில் சுற்றலாம்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்தேன். வி.எஃப்.ஓ. என்கிற, அலைவரிசையை நிர்ணயிக்கும் பகுதிக்கு 60 சுற்று. ஓட்டைக்குள் ஒவ்வொரு முறை ஒயரை நுழைத்து இழுப்பதும் ஒரு சுற்று. வாய்விட்டு எண்ணினால்தான் எனக்குக் கணக்கு நிற்கும்.

“முப்பத்தாறு... முப்பத்தேழு...”

“என்னங்க, பால்காரருக்கு எத்தனை நாள் பாக்கி?”

“முப்பத்தெட்டு.”

“மாசத்துக்கு முப்பது நாள்தானே!”

அவ்வளவுதான். பிரித்துவிட்டு முதலிலிருந்து. மூன்றாவது தடவை 60 வந்தது, அல்லது வந்ததாக நானும் வாஷரும் சேர்ந்து முடிவு செய்துகொண்டோம். சுற்று நழுவாமல் இருக்க மேலே பூசுவதற்கு மகளின் நெயில் பாலிஷை எடுத்தேன். மறுநாள் காலை அவள் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்து, “யாரு இதை எடுத்தது?” என்றாள். ரோஜா நிறத்தில் மினுமினுக்கும் காயிலைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா?

ஒரே அலைவரிசையில் அதிரும் கிரிஸ்டல் என்ற பாகத்துக்குச் சென்னை போக வேண்டியிருந்தது. மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, முகூர்த்தத்துக்கும் பந்திக்கும் நடுவே நழுவி ரிச்சி தெருவுக்குப் போய்விட்டேன். பட்டு வேட்டியோடு அந்தச் சந்துக்குள் நுழைந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 20 கேட்டேன். தேவை 5: வேண்டாத அலைகளை வடிகட்டும் ஃபில்டருக்கு நாலு, மிச்சம் ஒன்று தனி வேலைக்கு. ஆனால் ஒரே கம்பெனி, ஒரே பாக்கெட் என்றாலும் ஒவ்வொன்றும் நூறு, இருநூறு ஹெர்ட்ஸ் தள்ளித்தான் நிற்கும்; வீட்டில் வந்து அளந்து, ஜாதகம் பொருந்துகிற நாலைப் பொறுக்கித்தான் ஃபில்டர் கட்ட வேண்டும். பந்தியில் பாயசம் முடியும் நேரத்துக்குத் திரும்பி வந்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஊர் திரும்பும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

கட்டி முடித்த கதையை நீட்டப் போவதில்லை. சும்மா பெருக்க வேண்டிய ஆம்ப்ளிஃபையர் கட்டினால் அது ஊளையிடும், அலையை உண்டாக்க வேண்டிய ஆஸிலேட்டர் கட்டினால் அது வாயைத் திறக்காது என்று ஹாம்களிடம் ஒரு பழைய பேச்சு உண்டு. இரண்டையும் அனுபவித்தேன். கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஐ.ஆர்.எஃப். 510 என்ற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், சுவிட்ச் வேலைக்காகச் செய்யப்பட்டது; மலிவு என்பதால் அதைப் பிடித்து நாங்கள் ரேடியோ வேலை வாங்குகிறோம். அது அடிக்கடி எதிர்ப்பைத் தெரிவிக்கும். மூன்று போயின. நாலாவது எப்படியோ என்னோடு ஒத்துப்போயிற்று. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பின்வீட்டுத் தென்னைமரம் வரை, பக்கத்துக்கு 10 மீட்டராக மொத்தம் 20 மீட்டர் நீளக் கம்பியில் டைபோல் ஆண்டெனாவும் கட்டியாயிற்று. கட்டிய மறுநாளே அதில் என் அம்மா உள்பாவாடை காயப்போட்டிருந்தார்.

காலை ஏழு மணி வாக்கில் தென்மாவட்டத்து ஹாம்கள் கூடிப் பேசும் நெட் ஒன்று உண்டு. நடத்துகிறவர் ஒரு ரிட்டயர் ஆன பெரியவர். வால்வு காலத்திலிருந்து செட் கட்டுகிறவர். சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை நடுங்க மைக்கை அழுத்தி என் அழைப்புக்குறியைச் சொன்னேன்.

“வாங்க தம்பி, புதுக்குரலா இருக்கே! ஃபைவ் நைன். என்ன செட்டு?” ஃபைவ் நைன் என்றால் ஹாம் பாஷையில் தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்று அர்த்தம்.

“நானே கட்டினது சார்!” என்று ஆரம்பித்து, வாஷர், வைண்டிங் கடை, ரிச்சி தெரு என்று மூன்று நிமிடம் விடாமல் பேசினேன். மைக்கை விட்டதும் அந்தப் பக்கம் பெரியவர் குரல் கீச்சென்று கிளிக்குஞ்சு மாதிரி வந்தது. குமிழைத் திருகிச் சரிசெய்தேன்.

“...தம்பி, ஆரம்பத்துல மனுஷக் குரல்ல பேசினீங்க. போகப்போகக் கும்பகர்ணன் மாதிரி ஆயிட்டீங்க. செட்டு மேல நகருது.”

ட்ரிஃப்ட். வீட்டில் கட்டும் வி.எஃப்.ஓ.வின் பரம்பரை வியாதி. சூடு ஏறினால் காயில் விரியும். விரிந்தால் அலைவரிசை மாறும். என் சர்க்யூட்டில் 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து வி.எஃப்.ஓ.வின் 3 மெகாஹெர்ட்ஸைக் கழித்துத்தான் 7 வரும். ஆக வி.எஃப்.ஓ. சூட்டில் கீழே இறங்க, நான் பேண்டில் மேலே ஏறுவேன். ஒரு நிமிடத்துக்கு நூறு ஹெர்ட்ஸ் ஏறினாலே போதும், கேட்பவர் காதில் குரல் அடித்தொண்டைக்குப் போய்விடும். அவர் என்னைத் துரத்திக் குமிழைத் திருக, நான் அவரைத் தேடித் திருக, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடிக்க ஓடி, நெட் இருந்த இடத்திலிருந்து ரொம்ப தூரம் வந்துவிட்டோம். நடுவில் வேறொருவர், “ஐயா, நம்ம நெட்டு எங்க போச்சு?” என்று தேடிக்கொண்டிருந்தார்.

சூடு சரியில்லை, காற்றும் சரியில்லை. ஃபேன் ஓடினால் இன்னும் மோசம். காயில் சட்டென்று குளிர்ந்து, செட் எதிர்ப்பக்கம் ஓடும். எனவே அரை மணி முன்னாலேயே செட்டை ஆன் செய்து சூடேற்றி, ஜன்னல் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருவது என்று முடிவு செய்தேன். அப்போது அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. திருச்சி வெயிலைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கே பனியன் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த ஞாயிறு அலைவரிசை அசையவில்லை. இரண்டு நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தேன், ஒரு ஹெர்ட்ஸ்கூட நகர்ந்த மாதிரித் தெரியவில்லை. மூக்கு நுனியிலிருந்து மேசையில் வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது.

“கத்திரி வெயில்ல கதவைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திட்டு உக்காந்திருக்கீங்களே, புத்தி கித்தி இருக்கா? சமையல்கட்டுல குழாய் சொட்டுது, இங்க நீங்க சொட்டுறீங்க! இதுல ரெண்டு பிரஷர் மாத்திரை வேற.”

சொல்லிக்கொண்டே ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டுப் போனாள். என் கை மைக் பட்டனை விடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பதற்றத்தில் நான் விளக்கம் சொல்ல ஆரம்பிக்க, அதற்குள் ஃபேன் தன் வேலையைக் காட்டியிருந்தது.

மைக்கை விட்டேன். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். அப்புறம் பெரியவர் வந்தார்.

“தம்பி, வீட்ல அம்மா பேசினது ஃபைவ் நைன். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவு. அதுக்கப்புறம் நீங்க பேசினதுதான் வாத்து கத்துற மாதிரி இருந்துச்சு. எதுக்கும் அம்மா சொல்றதைக் கேளுங்க.”

ஒவ்வொருவராக வந்து, “மேடம் ரிப்போர்ட்டை நானும் கன்ஃபர்ம் பண்றேன்” என்றார்கள். என் 6 வாட் எவ்வளவு தூரம் போகிறது என்று அன்றைக்குத்தான் முழுமையாகத் தெரிந்தது.

வைத்தியம் பல பார்த்தேன். மீன் கடையில் கெஞ்சி ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி வந்து வி.எஃப்.ஓ.வை உள்ளே வைத்தேன். நகர்வது குறைந்தது; அறையில் வஞ்சிரம் வாசனை வந்தது. பக்கத்துத் தெருப் பூனை ஒன்று ஹாம் ரேடியோவில் ஆர்வம் காட்டத் தொடங்கியது. மெழுகை உருக்கி ஊற்றினேன். கண்டன்ஸரை எல்லாம் சூட்டுக்கு அசையாத என்.பி.ஓ. வகைக்கு மாற்றினேன். ஓட்டம் கொஞ்சம் நிதானப்பட்டது, நிற்கவில்லை. அலுவலகத்தில் ஒரு பையன், “சார், சின்னதா ஒரு சிந்தசைசர் போர்டும் ஆர்டுயினோவும் வாங்கிப் போடுங்க, ஒரு ஹெர்ட்ஸ் நகராது” என்றான். உண்மைதான். ஆனால் கடையில் மாவு வாங்கிச் சுட்ட இட்லியை யாராவது பாராட்டினால் எனக்கு ஒட்டாது.

கடைசியில் பெரியவரிடமே கேட்டேன்.

“காயில் எதுல சுத்தியிருக்கீங்க?”

“வாஷர்ல சார். முதல் நாளே சொன்னேனே.”

“நீங்க கும்பகர்ணன் ஆனப்புறம் சொன்னதெல்லாம் எனக்கு எங்க புரிஞ்சுது? என்ன வாஷர்?”

“நைலான்.”

அவர் மைக்கை அழுத்திக்கொண்டே சிரித்தார். “வி.எஃப்.ஓ.வுலயா? மத்த காயிலுக்குப் போடுங்க, ஒண்ணும் ஆகாது. நைலான் சூட்டுக்கு விரியும், ஈரத்துக்கு உப்பும். அதுல போய் நீங்க அலைவரிசையைக் கட்டி வச்சிருக்கீங்க. கண்ணாடில சுத்துங்க, அதுதான் சூட்டுக்கு அசையாது. வீட்ல ஹோமியோபதி சாப்பிடுற ஆள் இருக்கா?”

இருக்கிறார், மாமனார். சர்க்கரை உருண்டை போட்டு வைக்கும் விரல் தடிமன் கண்ணாடிக் குப்பி ஒன்று கேட்டேன். “எனக்கு ஒண்ணும் இல்லியேப்பா, உனக்கு என்ன பண்ணுது?” என்று விசாரித்துவிட்டுக் காலிக் குப்பி நாலு கொடுத்தார். 26 சுற்றே போதுமானதாக இருந்தது. இழுத்துச் சுற்றி, மகளிடம் முறைப்படி அனுமதி பெற்று நெயில் பாலிஷ் பூசி, ராத்திரி முழுக்கக் காயவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபேனை ஐந்தில் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் பேசினேன். பெரியவர் குமிழைத் தொடவே இல்லையாம். “தம்பி, ஆணி அடிச்ச மாதிரி நிக்குது” என்றார்.

இதைச் சொல்வதற்காகச் சமையலறைக்கு ஓடினேன். மனைவி குழாயடியில் நின்றிருந்தாள். பக்கத்தில் ஸ்குரூ டிரைவரும், குறடும், அறுத்துப் போட்ட ரோஜா நிறச் செப்புக் கம்பிச் சுருளும் கிடந்தன.

“ஆணி அடிச்ச மாதிரி நிக்குதாம்!” என்றேன்.

“ஆமா,” என்றாள் குழாயைப் பார்த்தபடி. “ஒரு சொட்டு இல்லை பாத்தீங்களா?”