சிரங்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் வீட்டோடு போங்கள்

மகனின் விரலிடுக்கில் தொடங்கிய அரிப்பு மகளுக்கும் மாமியாருக்கும் பரவிய நேரத்தில், கடலூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய மருந்துக்கடை ஒன்றில் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு களிம்பைக் கொடுத்தனுப்பினார்கள். இரண்டொரு நாள் அடங்கிய அரிப்பு, பிறகு பிள்ளைகளை இரவெல்லாம் உறங்கவிடாமல் இரட்டிப்பாகத் திரும்பியது. குழாயின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த குளோபெட்டாசோல் வீரியமான ஸ்டீராய்டு என்றும், அது சிரங்கின் அடையாளத்தை மறைக்குமே தவிர, தோலுக்குள் வளை தோண்டும் பூச்சியைக் கொல்லாது என்றும் தோல் மருத்துவர் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. இவ்வகைக் களிம்புகளைச் சீட்டின்றி விற்பதற்கு மத்திய அரசு 2018-இலேயே தடை விதித்திருக்கிறது.

மருத்துவமனையிலும் அலைச்சல்தான். மகனை மட்டும் அழைத்துச் சென்றிருந்தோம். வீட்டிலுள்ள எல்லோருக்கும் அந்தப் பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் களிம்பை எழுதிய மருத்துவரின் சீட்டைக் காட்டியும், பதிவு செய்யாதவர்களுக்கு மருந்து தர இயலாது என்று மருந்து வழங்குமிடத்தில் மறுத்துவிட்டார்கள். மறுநாள் முழங்கால் வலியுள்ள மாமியாரையும் வரிசையில் நிற்க வைத்து, ஆளுக்கொரு சீட்டு பதிந்த பிறகே குழாய்கள் கைக்கு வந்தன. எனவே முதல் நாளே அனைவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

மாமியார் அரைத்துப் பூசிய வேப்பிலை மஞ்சளை மருத்துவர் இகழவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். இந்த விழுதைச் சிரங்குக்குப் பூசி 814 பேரிடம் நடத்திய ஆய்வு 1992-இல் வெளியானது; 97 சதவீதத்தினர் 3 முதல் 15 நாட்களில் குணமடைந்ததாக அது கூறுகிறது. ஆயினும் அது முன்னோட்ட ஆய்வே என்பதால், பெர்மெத்ரினுக்குப் பதிலாக அதை நம்பியிருக்க முடியாது. குப்பைமேனியை உப்புடன் அரைத்துப் பூசும் வழக்கமும் எங்கள் பக்கம் உண்டு. "அரிப்பு எடுக்குதுன்னா உப்பு போட்டுத் தேய்ம்மா" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி பூசியதில், சொறிந்து புண்ணான மகளின் மணிக்கட்டு சிவந்து எரிந்தது, உடனே கழுவிவிட்டோம். புண்பட்ட தோலில் அதைப் பூசாதீர்கள்.

5 சதவீதப் பெர்மெத்ரினை ஒரே இரவில் வீட்டார் அனைவரும் கழுத்துக்குக் கீழே விரலிடுக்கு, அக்குள், தொப்புள் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளித்து, ஒரு வாரத்தில் மீண்டும் பூசினோம். துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தினோம். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரங்கள் அரிப்பு நீடிக்கலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்திருந்ததால், பதறி மேலும் மருந்து பூசாமல், தேங்காய் எண்ணெயுடன் பொறுத்துக்கொண்டோம். இப்போது பிள்ளைகள் விடியும்வரை தூங்குகிறார்கள்.