உப்பு போட்ட பிறகு வடிந்தது

வேலையில் சேர்ந்த புதிதில் என்னிடம் வந்த முதல் பெரிய பொறுப்பு, ஒரே கரைசலில் கலந்திருந்த இரண்டு புரதங்களைப் பிரிப்பது. ஒன்று அல்புமின், மூலக்கூறு எடை சுமார் 66 கிலோடால்டன். மற்றது முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம், சுமார் 14. கையில் இருந்தது 30 கிலோடால்டன் மெம்பரேன், அதாவது சுமாராக அந்த எடைக்கு மேற்பட்ட புரதங்களைத் தடுத்து நிறுத்தும் மெல்லிய வடிகட்டிச் சவ்வு. மாவு சலிக்கிற கதைதான், சின்னது கீழே இறங்கும், பெரியது மேலே தங்கும் என்று நம்பி பம்ப்பை ஓட்டினேன்.

வடிந்ததில் லைசோசைம் பாதிகூட இல்லை. பிரஷரை ஏற்றினேன். கொஞ்ச நேரம் சொட்டு வேகமாக விழுந்தது, பிறகு முன்பைவிட மந்தமாகிவிட்டது. இன்னும் ஏற்றினேன். பலனில்லை.

பக்கத்தில் வந்து பார்த்த மேடம், "பிரஷரை இறக்கும்மா, மேலே ஓடுற ஓட்டத்தை மட்டும் கூட்டு" என்றார். அழுத்த அழுத்த, போக முடியாத அல்புமின் மெம்பரேனை ஒட்டிக் குவிந்து கூழ் மாதிரி ஒரு படலமாகிவிடுகிறது. அப்புறம் வடிகட்டுவது மெம்பரேன் இல்லை, அந்தப் படலம்தான். மேற்பரப்பை உரசிக்கொண்டு திரவம் வேகமாக ஓடினால் குவிந்தது அடித்துச் செல்லப்படும். ஓட்டத்தைக் கூட்டியதும் சொட்டு சீரானது. ஆனால் லைசோசைம் மட்டும் இன்னும் சரியாக இறங்கவில்லை.

"பஃபர்ல உப்பு எவ்வளவு?"

"போடலை மேடம்."

அங்கேதான் சிக்கல். பஃபர் என்பது புரதங்கள் கரைந்திருக்கும், பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, மாறாமல் வைத்திருக்கும் கரைசல். பிஎச் 7-இல் அல்புமினுக்கு எதிர் மின்னேற்றம், லைசோசைமுக்கு நேர் மின்னேற்றம். ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. சின்னதாக இருந்தும் லைசோசைம் பெரியதன் கையைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றுவிட்டது. 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு சேர்த்தேன், பிடி தளர்ந்தது. அன்றைக்கு வடிந்த முதல் குழாயை அளந்து பார்த்தபோது வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்தது கழுவுதல். வடிகிற அளவுக்கே புது பஃபரை ஊற்றி, பீக்கரில் கரைசலின் அளவை மாறாமல் வைத்திருக்க வேண்டும். லைசோசைம் தடையே இல்லாமல் போனால், பீக்கரில் இருக்கும் அளவைப் போல 5 மடங்கு பஃபர் ஓடியதும் மிச்சம் இருப்பது 1 சதவீதத்துக்கும் கீழே. பாதித் தடையோடு போனால் அதே 5 மடங்குக்கு 8 சதவீதம் தங்கிவிடும். ஒரு சிட்டிகை உப்புக்கு இத்தனை விலை என்று அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் யாரும் எழுதி வைப்பதில்லை: மெம்பரேன் மேலே ஓடிவிட்டு பீக்கருக்குத் திரும்பி வரும் குழாயின் நுனி திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மேலிருந்து விழுந்தால் நுரைக்கும், நுரையில் புரதம் உருக்குலையும்.

கடைசியாக, காஸ்டிக் சோடா கரைசலை ஓட்டி மெம்பரேனைக் கழுவினேன். புதிதாக மாட்டிய அன்றே வெறும் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வடிகிறது என்று நோட்டில் குறித்திருந்தேன். அதே பிரஷரில் மறுபடியும் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். பழைய வேகத்தில் 10-இல் 9 பங்கு திரும்பி வந்திருந்தது. அதே மெம்பரேனை அடுத்த கலவைக்கும் மாட்டினேன், இந்தத் தடவை உப்பை முதலிலேயே போட்டுவிட்டு.