தக்கை அடைத்த குழல் மூடிய குழாயா? ஒரு திட்டப்பணி அனுபவம்

இளநிலை இயற்பியல் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகத் தேக்கில் ஒரு குழல் செய்தேன். குழலுக்கு உரியனவாக மூங்கிலோடு சந்தனம், கருங்காலி, செங்காலி, வெண்கலம் ஆகியவற்றையும் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் சொல்கிறார். ஒலிப்பது உள்ளிருக்கும் காற்று என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் மூங்கிலுக்கு இயல்பாகவே உள்ள துளையை மரத்தில் நாமே போட வேண்டும். கோவை கணபதியில் வார்ப்படத்துக்கு மர அச்சு கடையும் பட்டறைக்கு உருட்டிக் கடைந்த கட்டையோடு போனபோது அங்கிருந்த பெரியவர், “மொதல்ல ஓட்டையப் போடோணுந் தம்பி, அப்பறந்தான் வெளிய கடையோணும்” என்றார். அதற்குள் நான் போட்டிருந்த துளை கோணிப்போய், ஒரு பக்கச் சுவர் தாளாக மெலிந்திருந்தது.

இரண்டாம் கட்டையில் 15 மி.மீ. துளை. 440 ஹெர்ட்ஸ் வேண்டி, திறந்த குழாய்ச் சூத்திரப்படி (இருமுனையும் திறந்த குழாயின் நீளம் அலைநீளத்தில் பாதி) ஊதுதுளையிலிருந்து முனைவரை 39.3 செ.மீ. விட்டேன், கைபேசிச் செயலி 410-ஐ ஒட்டியே காட்டியது. காற்றின் அதிர்வு முனையைத் தாண்டியும் சற்று நீள்வதால் நீளத்தோடு ஒரு திருத்தம் கூட்ட வேண்டும். திறந்த முனையில் அது விட்டத்தின் 0.3 மடங்குதான், ஆனால் ஊதுதுளை சிறியது, உதடும் அதில் பாதியை மறைக்கிறது என்பதால் அங்கே திருத்தம் பல மடங்கு பெரிது. முனையைச் சிறிது சிறிதாக அறுத்து, ஏறத்தாழ 3 செ.மீ. குறைத்த பிறகே சுருதி சேர்ந்தது. விரல்துளைகளைச் சிறிதாகவே தொடங்குங்கள். அகலப்படுத்தினால் சுருதி ஏறும், இறக்குவதற்கு மெழுகு ஒன்றே வழி.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர், “ஒரு முனையில் தக்கை இருக்கிறதே, இது மூடிய குழாய்தானே?” என்று கேட்டார். பதற்றத்தில் ஆமாம் என்றுவிட்டேன். அவர் குழலை என்னிடமே நீட்டி, மெல்லவும் பிறகு அழுத்தியும் ஊதச் சொன்னார். அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்டது. ஒரு முனை மூடிய குழாயில் ஒற்றைப்படைச் சீரிசைகளே (அடிப்படை அதிர்வெண்ணின் 1, 3, 5 மடங்குகளே) எழும் என்பதால், மும்மடங்கு அதிர்வெண்ணுக்கு, அதாவது மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு அது தாவியிருக்க வேண்டும். ஊதுதுளை வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பதால் அங்கே அழுத்தம் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது; உதட்டிலிருந்து வரும் காற்றுத்தாரை துளையின் எதிர்விளிம்பில் மோதி, உள்ளும் வெளியுமாக மாறி மாறி ஊசலாடி அதிர்வைத் தொடரச் செய்கிறது. ஆகவே தக்கை இருந்தும் அது திறந்த குழாய்தான். இந்த விடையைத் திட்ட அறிக்கையில் எழுதியிருந்தும் நேரில் சொல்ல வரவில்லை.

அடுத்த கேள்வி, “இந்த 440 எந்த வெப்பநிலையில்?” என்பது. 20 பாகை செல்சியஸில் நொடிக்கு 343 மீட்டராக உள்ள ஒலிவேகம் 35 பாகையில் 352 ஆகிறது. அதே குழல் 450-ஐத் தாண்டிவிடும். அட்டவணையில் வெப்பநிலைக்கு ஒரு நிரல் போட்டுவிடுங்கள். என்னுடையதில் அது இல்லை.